உட்கார்ந்தபடியே ஒரு கிரிவலம்

திருவண்ணாமலையில் பிறந்துவிட்டு மலையைச் சுற்றாதவனை ஊரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எங்கேயோ ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டுப் போகிறார்கள். இவன் என்னடாவென்றால் செங்கம் ரோட்டுப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு மாடியில் கொசு அடித்துக்கொண்டிருக்கிறான் என்று. நான் அந்தக் கொசு அடிக்கும் கோஷ்டி.

அப்பா நேர் எதிர். தபால்காரர். பகலெல்லாம் சைக்கிளில் ஊரைச் சுற்றிக் கடிதம் கொடுத்துவிட்டு, பௌர்ணமி வந்தால் ராத்திரி மலையையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துதான் படுப்பார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடி காக்கிச்சட்டை, சைக்கிள். உடம்புக்குள் எங்கே மோட்டார் வைத்திருக்கிறார் என்று அம்மாவே கேட்டிருக்கிறாள்.

நானும் ஒரு மலையடிவாரத்தில் மாசக்கணக்கில் திரிந்தவன்தான். ஆனால் அது கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

ஸ்கைரிம் என்று ஒரு விளையாட்டு. அமெரிக்காவில் பெதஸ்தா கேம் ஸ்டூடியோஸ் என்ற கம்பெனி தயாரித்து, 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்டது. 11-11-11! நம் ஊர் ஜோசியரைக் கேட்டு நாள் குறித்த மாதிரி இருக்கிறதல்லவா? விட்டலாச்சார்யா படத்துக்குள் நம்மையே இறக்கிவிட்டால் எப்படி இருக்கும், அதுதான் ஸ்கைரிம். டிராகன், மந்திரம், வாள், பனிமலை எல்லாம் உண்டு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம். உலகத்தையே காப்பாற்ற வேண்டிய ஹீரோ, வயலில் முட்டைக்கோஸ் பறித்துக்கொண்டு நின்றாலும் வில்லன் பொறுமையாகக் காத்திருப்பான். அரசாங்க ஆபீஸில்கூட இவ்வளவு சாவகாசம் கிடைக்காது.

2012-இல் எஞ்சினீயரிங் முடித்துவிட்டு, 'வேலை தேடுகிறேன்' என்ற கௌரவமான பெயரில் வீட்டில் இருந்தபோது நண்பன் ஒருவன் இதை அறிமுகப்படுத்தினான். அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த லட்சணம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே கரண்ட் போவது செய்தியே இல்லை, வருவதுதான் செய்தி. டிராகன் வாயைத் திறக்கும். நெருப்பு தொண்டை வரைக்கும் வந்திருக்கும். பொசுக்கென்று இருட்டு. அப்புறம் யூபிஎஸ் 'கீ கீ' என்று கத்தும் நாலு நிமிஷத்துக்குள் எஃப்-5 பொத்தானை அழுத்தி விளையாட்டை சேவ் செய்ய வேண்டும். மந்திரம் கற்றேனோ இல்லையோ, எஃப்-5 கற்றுக்கொண்டேன்.

கரண்ட் இருக்கும் நேரத்தில் அப்பா டீ டம்ளரோடு பின்னால் வந்து நிற்பார்.

"உன் ஆளுக்கு என்னடா பேரு?"

"அண்ணாமலை."

முகம் மலர்ந்துவிட்டது. கையில் கோடாலி, தலையில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி, இடுப்பு வரை தாடி... அண்ணாமலை!

"அது என்ன மலை?"

அதற்கு 'உலகத்தின் தொண்டை' என்று பெயர். அந்த நாட்டிலேயே பெரிய மலை. பாதி உயரத்தில் ஒரு மடம். ஹை ரோத்கார் என்பார்கள். அதில் நரைத்த தாடிச் சாமியார்கள் சிலர். அவர்கள் குரலுக்கு அவ்வளவு சக்தி, வாயைத் திறந்தால் பூமி ஆடும். அதனால் ஒருவரைத் தவிர மற்றவர்கள் பேசுவதில்லை.

"மௌன சாமியாருங்க. நம்ம ஊர்ல இல்லாததா?" என்றவர், கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "ஏன்டா, இந்த மலையைச் சுத்தி வர முடியுமா?"

"முடியும்னுதான் நினைக்கிறேன்."

"சண்டை கிண்டை போடாம ஒரு சுத்து சுத்திக் காட்டேன். பாக்கணும்."

"அப்புறம்ப்பா. இப்ப குகைக்குள்ள இருக்கேன்."

இப்படி நாலைந்து தடவை கேட்டிருப்பார். நாலைந்து தடவையும் நான் ஏதாவது ஒரு குகைக்குள் இருந்தேன். அப்புறம் சென்னையில் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டருக்கு அம்மா பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்தாள். 'அப்புறம்' என்று சொன்னதற்கு 13 வருஷம் ஆகிவிட்டது.

* * *

மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவின் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. தேய்மானம் என்றார் டாக்டர். சைக்கிள் மிதித்தது, மலை சுற்றியது எல்லாவற்றுக்கும் முழங்கால் மொத்தமாக பில் போட்டுவிட்டது. வீட்டுக்குள்கூட எம்.சி.ஆர். செருப்பு இல்லாமல் நடக்கக்கூடாது என்று உத்தரவு. கிரிவலம் நின்றது.

நின்றதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பௌர்ணமி அன்று மட்டும் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய், மலையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். ரோட்டில் ஜனம் போகும் சத்தம் விடிய விடியக் கேட்கும். சாப்பிடக்கூட இறங்கி வரமாட்டார்.

நான் சென்னையிலிருந்து போனில் யோசனை சொன்னேன். "பௌர்ணமியிலதான் வண்டி விடமாட்டாங்க. சாதாரண நாள்ல ஆட்டோ வச்சு ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்ப்பா. எத்தனையோ பேர் போறாங்க."

"ஆட்டோல ஏத்தி சுத்திட்டு வர நான் என்ன பார்சலா?"

போன் வைக்கப்பட்டது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தால் "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார்.

* * *

போன மாதம் நாலு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. தள்ளுபடியில் வாங்கிப் போட்ட புது விளையாட்டுகள் லேப்டாப்பில் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றையும் திறக்க மனசில்லை. பகலெல்லாம் மேனேஜர் விதிகளைக் கேட்டுவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குப் புது விளையாட்டின் விதிகளை எந்த முப்பத்தைந்து வயசுக்காரன் படிப்பான்? பரண் மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, லேப்டாப்பில் சொருகி, பழைய சேவ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அண்ணாமலை, நிலை 34.

இது எனக்கு மட்டும் இருக்கும் வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விளையாட்டு 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது என்று அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023-இல் சொன்னார். எம்.ஜி.ஆர். படத்தைப் புது காப்பி போட்டு ஓட்டுகிற மாதிரி 2016-இல் ஒரு சிறப்புப் பதிப்பு, 2021-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு என்று அதையே திரும்பத் திரும்ப விற்றார்கள். சனங்களும் வாங்கினார்கள். அமெரிக்காவில் ஷர்லி கரி என்று ஒரு பாட்டி, 1936-இல் பிறந்தவர், இதை விளையாடிக் காட்டியே உலகப் புகழ் பெற்றுவிட்டார். 'ஸ்கைரிம் பாட்டி' என்றே பெயர். அடுத்த பாகத்தை 2018-இல் அறிவித்தார்கள். அதில் இந்தப் பாட்டியையே ஒரு பாத்திரமாக வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி காத்திருக்கிறார். நாங்களும்தான்.

திறந்தேன். வைட்ரன் என்ற ஊரில் என் சொந்த வீடு. அடுப்பு எரிகிறது. நாற்காலியில் லிடியா, என்னைக் காவல் காப்பதாகச் சத்தியம் செய்தவள், 13 வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கே போயிருந்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. சென்னையில் எனக்கு வாய்த்த வீட்டுச் சொந்தக்காரரை நினைத்துக்கொண்டேன்.

லிடியாவிடம் இரண்டு வார்த்தை பேசலாமென்று ஒரு பொத்தானை அழுத்தினேன். அது வேறு பொத்தான். அண்ணாமலை வீடே அதிர ஒரு கத்துக் கத்தினான். தட்டு, கிண்ணம், முட்டைக்கோஸ், லிடியா எல்லாம் பறந்து போய்ச் சுவரில் மோதின.

"என்னடா சத்தம்?" பக்கத்து அறையிலிருந்து செருப்பு சரசரக்க அப்பா வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். "அட, அண்ணாமலை! இன்னும் இருக்கானா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அரைகுறையாக விட்டது ஐம்பதுக்கு மேல் இருந்தது. ஆபீஸ் மெயில் பெட்டியைத் திறந்த மாதிரியே வயிற்றைப் பிசைந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

அது ஒரு சின்ன வேலை. மலையடிவாரத்தில் ஐவர்ஸ்டெட் என்ற ஊர். அங்கே கிளிமெக் என்று ஒரு மீன்பிடிக்காரன். மேலே மடத்துச் சாமியார்களுக்கு அவன்தான் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவன். இப்போது கால் முன்னே மாதிரி இல்லை, படியேற முடியவில்லை. 'நீ மேலேதானே போகிறாய், இந்தப் பையைச் சேர்த்துவிடு' என்று என்னிடம் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டு போனேன். போன அவசரத்தில் மடத்து வாசலில் இருந்த பெட்டியில் போட மறந்து, பையோடு இறங்கி வந்துவிட்டேன்.

"பையில என்ன?"

"கருவாடு, உப்புக்கண்டம், அந்த மாதிரி."

"பதிமூணு வருஷமாவா?"

"அதெல்லாம் கெட்டுப் போகாதுப்பா. கம்ப்யூட்டர் கருவாடு."

"அதுக்குச் சொல்லலடா!" அப்பாவின் குரல் ஏறியது. ஒரு தபால்காரரிடம் போய் எதைக் காட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "நடக்க முடியாதவன் உன்னை நம்பிக் குடுத்தது. பதிமூணு வருஷம் பையில வச்சுக்கிட்டு ஊர் சுத்தியிருக்க. என் சர்வீஸ்ல ஒரு போஸ்ட் கார்டு இப்படி நின்னதில்ல. எழுந்திரு. போய்ச் சேத்துட்டு வா."

நான் எழுந்திருக்கவில்லை. அண்ணாமலை எழுந்தான்.

* * *

ஸ்கைரிமில் ஒரு வசதி உண்டு. முன்னே போயிருக்கும் ஊர் என்றால், வரைபடத்தில் அதன் மேல் க்ளிக் செய்தாலே போதும். மறுகணம் அங்கே நிற்கலாம். 2012-இல் நான் இப்படித் தாவியே காலம் தள்ளியவன். ஐவர்ஸ்டெட் வரை தாவ அப்பா அனுமதி கொடுத்தார். "அது பஸ்ல வர்ற மாதிரி. இதுக்கு மேல நடை."

மடத்துக்கு 7,000 படி என்பது ஊர்ப்பேச்சு. எண்ணிப் பார்த்தவர்கள் உள்ளபடி ஆயிரம்கூட இல்லை என்கிறார்கள். நம் பக்கத்துக் கோயில்களில் சொல்லும் கணக்கு மாதிரிதான். வழியில் பத்து இடத்தில் கல்வெட்டு மாதிரி ஒரு பலகை. அன்று ஒன்றைக்கூட நின்று படிக்கவில்லை. இன்று அப்பா விடவில்லை.

"நம்ம பாதையில எட்டு லிங்கம். இங்க பத்து. ஒவ்வொண்ணா பாத்துட்டுப் போ."

பத்தாவதைப் படித்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. பத்தையும் படித்தவனுக்கு ஒரு வரம் கிடைக்குமாம்: ஒரு நாள் முழுக்க எந்த மிருகமும் தாக்காது, கண்டு ஓடவும் ஓடாது. இத்தனை மாசம் விளையாடியவனுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பையைப் பெட்டியில் போட்டேன். பட்டியலில் ஒரு வரி அழிந்தது. அப்பாவுக்குத் திருப்தி இல்லை. "கையெழுத்து வாங்க வேணாமா? ஆளில்லாத பெட்டியில போட்டுட்டு வந்துடறதா? ரிஜிஸ்டர் தபாலா இருந்தா வேலை போயிருக்கும்."

இறங்கி வந்து கிளிமெக்கிடம் விஷயத்தைச் சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டேன். மணி பன்னிரண்டேகால். லேப்டாப்பை மூடப் போனவன், அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தலாமாப்பா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து, எம்.சி.ஆர். செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலைத் தரையில் பதித்துக்கொண்டார்.

மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டுமல்லவா? ஐவர்ஸ்டெட்டிலிருந்து மேற்கே திரும்பினேன். வழக்கம்போல் அண்ணாமலை ஓட ஆரம்பித்தான்.

"எதுக்குடா ஓடறான்? கர்ப்பிணி நடக்கற மாதிரி நடக்கணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினால் நடப்பான் என்பது ஞாபகம் வந்தது. அழுத்தினேன். நடந்தான். அப்பப்பா, என்ன ஒரு நடை! நிறைமாதம்தான்.

நடந்தபோதுதான் எல்லாம் கண்ணில் பட்டது. பனி கொட்டுகிற ஒரு கணவாய். அதைத் தாண்டினால் ஹெல்கன், விளையாட்டு ஆரம்பிக்கிற ஊர், டிராகன் எரித்த கரியோடு கிடந்தது. அங்கிருந்து ஆற்றோரமாக இறங்கினால் ரிவர்வுட், மரம் அறுக்கிற மில். வழியில் ஓர் ஓநாய் எதிரே வந்தது. என் கை தானாகக் கோடாலிப் பொத்தானுக்குப் போயிற்று. அப்பா கையைப் பிடித்தார். ஓநாய் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதன் வழியே போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் மலை வேறு மாதிரி தெரிந்தது.

"நம்ம மலையும் இப்படித்தான்," என்றார் அப்பா. "ஒரு இடத்துல ஒத்தை முகடா நிக்கும். குபேர லிங்கம் தாண்டினா அஞ்சு முகம். 2,668 அடிதான். ஆனா ஒரு தடவை பாத்த மாதிரி இன்னொரு தடவை இருக்காது."

வைட்ரன் பக்கம் வரும்போது திரையில் ராத்திரி ஆகிவிட்டது. அப்பா வானத்தைக் காட்டினார். "இது என்னடா, ரெண்டு நிலா?"

"இந்த உலகத்துல ரெண்டுப்பா."

ரொம்ப நேரம் யோசித்தார். "ஒண்ணு வளர்பிறை, ஒண்ணு தேய்பிறைன்னா எதைக் கணக்குல எடுத்துக்கிட்டு கிரிவலம் போவாங்க?"

ரோட்டில் நின்ற காவல்காரன் ஒருவன் என்னவோ முணுமுணுத்தான்.

"என்ன சொல்றான்?"

"முன்னாடி அவனும் நம்மள மாதிரி ஊர் ஊரா சுத்தினவனாம். முழங்கால்ல அம்பு பட்டு..."

பாதியில் நிறுத்திக்கொண்டேன். இந்த வசனம் வந்த காலத்தில் உலகமே சிரித்தது. எந்தக் காவல்காரனைக் கேட்டாலும் இதையே சொல்வான் என்று கேலிப்படம் போட்டார்கள், பனியன்கூடப் போட்டார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

அப்பா சிரிக்கவில்லை. "பாவம். நின்னுக்கிட்டே இருக்கற வேலை. அதுவும் முழங்காலுக்குக் கஷ்டம்தான்" என்றார்.

அதைத் தாண்டிக் கிழக்கே போனால், ஆற்றின் மேல் பாலம் போட்ட இரண்டு கோபுரம், வால்தைம் டவர்ஸ். வாசலில் ஒரு கொள்ளைக்காரி வழி மறித்துச் சுங்கம் கேட்டாள்.

"கிரிவலப் பாதையில டோல்கேட்டா!" என்றார் அப்பா. "குடுத்துடு. சாமி சுத்தும்போது சண்டை வேணாம்."

கொடுத்தேன். நிலை 34 வீரன் ஒரு சில்லறைக் கொள்ளைக்காரியிடம் வாய் பேசாமல் காசு எண்ணிக் கொடுத்தது ஸ்கைரிம் சரித்திரத்தில் அபூர்வம்.

அந்த உலகத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் 72 நிமிஷம். கர்ப்பிணி நடையில் அதைத் தாண்டிவிட்டோம். கடைசித் திருப்பத்தில் வரம் காலாவதி. புதரிலிருந்து இரண்டு ஓநாய் பாய்ந்து வந்தன.

"ஓடுறா! ஓடு, ஓடு!" என்றார் கர்ப்பிணி நடை சொன்ன அதே அப்பா, நாற்காலி நுனிக்கு வந்து.

ஓடினோம். ஐவர்ஸ்டெட் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மணி ஒன்றே முக்கால். எஃப்-5 அழுத்தினேன்.

அப்பா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். கதவு வரை போய் நின்றார்.

"ஏன்டா, இவ்வளவு நேரம் நான் உக்காந்துட்டுத்தானே இருந்தேன்?"

"ஆமாம்ப்பா."

"மலை மொகத்தைத் திருப்பிக்கல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"காலைல ஆட்டோவுக்குச் சொல்லு. இந்தப் பார்சலையும் சேத்துடு."

* * *

விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோ வந்தது. டிரைவர் ஒரு தொகை சொன்னார். அப்பா என் காதோரம், "டோல்கேட்டு பொம்பளையே தேவலாம்டா" என்றார். பேரம் பேசவில்லை. சாமி சுத்தும்போது சண்டை வேணாமே.

எட்டு லிங்கத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்லி உட்கார்ந்தபடியே கும்பிட்டார். குபேர லிங்கம் தாண்டி மலை ஐந்து முகம் காட்டும் இடத்தில் மட்டும் இறங்க வேண்டும் என்றார். செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாற்பது அடி இருக்கும். அவ்வளவுதான் முடிந்தது. அவ்வளவுக்கே முகம் வேர்த்து, சிவந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய அப்பா மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் கிரிவலம் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த மாதம் மறுபடி இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறேன். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டார். "முழங்கால் பிரச்னை சார்" என்றேன். யாருடைய முழங்கால் என்று அவர் கேட்கவில்லை.